ஆறாயிரத்து நானூறு வெள்ளை அணுக்கள்

2024 நவம்பர் 15, வெள்ளிக்கிழமை, விடியற்காலை ஐந்து மணி இருபது நிமிடம். அஸ்தினாபுரத்தில் தூறல். இரவு பெய்த மழை தெருவில் கணுக்கால் அளவு நின்றிருந்தது. பால் பாக்கெட்டை எடுக்கக் கதவைத் திறந்து, வலது காலை வாசற்படியில் வைத்தேன். முட்டி என் பாரத்தை வாங்கிக்கொள்ள மறுத்துவிட்டது. நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டதால் விழவில்லை. பால் பாக்கெட் மட்டும் தண்ணீரில் மிதந்துகொண்டே பக்கத்து வீட்டு வாசலுக்குப் போனது.

பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் முதலிலிருந்து கேட்கிறார்கள். தனித்தனியாகச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. மேலும், சொல்லும்போது ஏதாவது ஒன்று விட்டுப்போகிறது. அதனால் எழுதி வைக்கிறேன்.

என் வலது முட்டி கெட்டுப் பதினோரு வருடம் ஆகிறது. மூட்டுத் தேய்மானம் என்று ஊரில் பாதிப் பேருக்கு இருக்கும் வியாதிதான். ஆனால் என் விஷயத்தில் ஒரு வேடிக்கை உண்டு. ஓய்வு பெறும் வரை முப்பத்தொரு வருடம் ஓர் ஆய்வகத்தில் இந்த வியாதியைத்தான் ஆராய்ந்துகொண்டிருந்தேன். குறிப்பாகக் குருத்தெலும்பை.

எலும்பும் எலும்பும் உரசாதபடி முனைகளைப் போர்த்தியிருக்கும் வெள்ளை உறைதான் குருத்தெலும்பு. நல்ல முட்டியில் அது ஈரத் தேங்காய்க் கீற்றைப்போல் பளபளக்கும். கனம் சில மில்லிமீட்டர். அதற்குள் ரத்தக் குழாய் கிடையாது, நரம்பும் கிடையாது. ரத்தம் ஓடாததால் காயம் பட்டால் லேசில் ஆறாது. நரம்பு இல்லாததால் அது அழிந்துகொண்டிருந்தாலும் நமக்குத் தெரியாது. வலி வரும்போது வலிப்பது அதைச் சுற்றியுள்ள மற்றவைதான்.

அறுவை சிகிச்சையில் வெட்டி எடுத்துக் கழிக்கப்படும் துண்டுகள், கொடுத்தவர்களின் சம்மதத்தோடு, ஐஸ் பெட்டியில் எங்களுக்கு வரும். அவற்றைச் சன்னமாக நறுக்கி, கிண்ணங்களில் உயிரோடு வைத்து, எது எவ்வளவு கரைக்கிறது என்று அளப்பேன். உயிரோடு இருக்கும் அணுக்களை நுண்ணோக்கியில் எண்ணுவேன். எண்ணுகிற பழக்கம் அங்கிருந்து வந்தது. வீட்டில் மாத்திரையையும் மாடிப்படியையும் எண்ணுகிறேன் என்று கேலி செய்கிறார்கள். செய்யட்டும்.

வெள்ளிக்கிழமை முழுக்க நான் சொன்னது ஒன்றே ஒன்று: "தேய்மானம்தான். மழைக்குப் பிடிச்சிருக்கு."

சாயங்காலம் என் மனைவி பத்மா தைலம் போட வந்தாள். முட்டியில் கை வைத்தவள் சட்டென்று எடுத்துக்கொண்டாள்.

"ஏங்க, கொதிக்குதுங்க இது."

"தைலம் சூடா இருக்கும்."

"தைலம் இன்னும் போடவே இல்லை."

தேய்மானம் கொதிக்காது. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் அன்றிரவு ஒரு பாரசிட்டமாலைப் போட்டுக்கொண்டு படுத்தேன். இடது குதிகாலில் பித்தவெடிப்பு இரண்டு வாரமாகச் சிவந்து சீழ் கட்டியிருந்தது. எனக்குச் சர்க்கரை பத்தொன்பது வருடமாக இருக்கிறது. குதிகாலையும் முட்டியையும் சேர்த்து யோசிக்க நான் விரும்பவில்லை.

சனிக்கிழமை காலை முட்டி ஓர் உரித்த தேங்காய் அளவுக்கு வீங்கியிருந்தது. காய்ச்சல் நூறு புள்ளி நான்கு. பெருங்களத்தூர் அடுக்ககத்தில் இருக்கும் எங்கள் மகள் சுதா காரை எடுத்துக்கொண்டு வந்தாள். ஜி.எஸ்.டி. சாலையில் நின்று நின்று வந்த எரிச்சலோடு உள்ளே நுழைந்தவள், முட்டியைப் பார்த்ததும் எரிச்சலை மறந்தாள்.

"நேத்தே போன் பண்ண மாட்டீங்களாம்மா?"

"உங்கப்பாகிட்ட கேளு. மழைக்குப் பிடிச்சதாம்."

ஜி.எஸ்.டி. சாலையிலேயே இருக்கும் ஒரு மருத்துவமனைக்குப் போனோம். பெயர் வேண்டாம். நல்லவர்கள் நிறைய இருந்த இடம். வாசலில் சக்கர நாற்காலியோடு வந்த மணி என்ற அட்டெண்டர் என்னைத் தூக்கி உட்காரவைத்த விதத்தில் முப்பது வருட அனுபவம் தெரிந்தது.

"பெருசு, கால மடக்காதே. அப்படியே நீட்டி வெச்சுக்கோ. நான் தள்ளிக்கினு போறேன், நீ ரோட்ட மட்டும் பாரு."

"ரோடா?"

"வராண்டாதான். எல்லாம் ஒண்ணுதான், இங்கயும் பள்ளம் கீது."

முன்பணம் இருபத்தைந்தாயிரம். பிறகு காத்திருத்தல். ரத்தம், சிறுநீர், எக்ஸ்ரே என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு டோக்கன். எக்ஸ்ரே அறைக்கு வெளியே என் எண் நாற்பத்தேழு, உள்ளே போய்க்கொண்டிருந்தது இருபத்தொன்பது. நாற்பத்தேழு வருவதற்குள் பத்மா தன் புடவைத் தலைப்பை நனைத்து என் முட்டியில் மூன்று முறை போட்டாள். அது சரியா தவறா என்று நான் சொல்லவில்லை. குளிர்ச்சியாக இருந்தது.

மாலையில் டியூட்டி டாக்டர் வந்தார். சிறுநீரில் கிருமித் தொற்று இருக்கிறது, காய்ச்சலுக்கு அதுதான் காரணமாக இருக்கும் என்றார். எக்ஸ்ரேயில் பழைய தேய்மானம்தான். "எதுக்கும் நாளைக்குக் காலைல எலும்பு டாக்டர் முட்டியிலேருந்து தண்ணி எடுத்துப் பார்ப்பார். அதுக்கப்புறம் மருந்து ஆரம்பிக்கலாம்."

அன்றிரவு நான் தூங்கவில்லை. காரணத்தைச் சொல்ல வேண்டும்.

தேய்மானம் மெதுவாகத் தின்னும். பத்து வருடம், இருபது வருடம். ஆனால் மூட்டுக்குள் கிருமி புகுந்து சீழ் பிடித்தால் கணக்கே வேறு. கிருமியைக் கொல்ல உடம்பு லட்சக்கணக்கில் வெள்ளை அணுக்களை அனுப்பும். அவை கக்கும் நொதிகளுக்குக் கிருமி எது, குருத்தெலும்பு எது என்ற பேதம் தெரியாது. என் ஆய்வகக் கிண்ணங்களில் அந்த நொதிகளை நானே ஊற்றியிருக்கிறேன். வியாழக்கிழமை வழவழப்பாக வைத்த துண்டு சனிக்கிழமை ஓரம் கரைந்து, ஊறிய காகிதம்போல் ஆகியிருக்கும். போனது திரும்ப வளராது. எனக்கு வெள்ளி விடியற்காலையில் தொடங்கியது. உட்பக்கக் குருத்தெலும்பு ஏற்கெனவே இல்லை. வெளிப்பக்கம் மிச்சம் இருப்பதை வைத்துத்தான் பதினோரு வருடமாக நடக்கிறேன். அதுவும் போனால் கிருமி புகுந்த மூட்டில் செயற்கை மூட்டு வைப்பதுகூட எளிதில்லை. சர்க்கரைக்காரனுக்கு ரத்தத்தில் கிருமி பரவினால் முட்டியைப் பற்றிய கவலையே மிஞ்சாது.

பக்கத்துக் கட்டிலில் மாணிக்கம் என்பவர். கீழ்க்கட்டளைக்காரர், ஐம்பது வயது. அப்பா காலத்தில் நெல் விளைந்த நிலத்தில் இப்போது கடைகள் கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறார். மழையில் பைக் சறுக்கி இரண்டு எலும்பு முறிந்து, காலைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள்.

"சார், தூங்கலியா? இன்னாத்த முணுமுணுன்னு எண்ணிக்கினே கீறீங்க?"

"மணி நேரம்."

"எதுக்கு?"

"வெள்ளிக்கிழமை காலைலேருந்து எத்தனை ஆச்சுன்னு."

"அது சரி. நான் எங்க கடை வாடகையே எண்ண மாட்டேன், சம்சாரம்தான் எண்ணும். அதான் எனக்குத் தூக்கம் வருது." சொல்லிவிட்டுத் தூங்கியும் போனார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரைக்கு எலும்பு அறுவை சிகிச்சை நிபுணர் டாக்டர் இளங்கோ வந்தார். நாற்பது வயதிருக்கும். மெதுவாகப் பேசுகிறவர். முட்டியின் பக்கவாட்டில் ஊசியைச் செருகி, இருபத்தெட்டு மில்லி திரவம் எடுத்தார். வலித்தது, ஆனால் நான் ஊசியின் நுனியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நல்ல மூட்டுத் திரவம் வெண்டைக்காய்ப் பசைபோல் இழுபடும். ஊசி முனையிலிருந்து விடும் சொட்டு விரல் நீளத்துக்கு நூலாக இறங்கும். என்னுடையது வெறும் தண்ணீராகச் சொட்டியது.

"டாக்டர், அந்தச் சீசாவை ஒரு நிமிஷம் கொடுங்க."

அவர் சிரித்துக்கொண்டே கொடுத்தார். தலையணைப் பக்கத்தில் ஞாயிற்றுக்கிழமைச் செய்தித்தாள் கிடந்தது. சீசாவை அதன்மேல் பிடித்தேன். இதுவும் எங்கள் ஆய்வகப் பழக்கம்தான். தேய்மான மூட்டின் திரவம் வழியாக எழுத்தைப் படிக்கலாம். அழற்சி கூடக் கூட எழுத்து மங்கும். சீசாவுக்குப் பின்னால் தலைப்பு எழுத்துகூடத் தெரியவில்லை. அரிசி கழுவிய தண்ணீர் நிறம்.

"கலங்கித்தான் இருக்கு சார்," என்றார் டாக்டர் இளங்கோ. "கவுன்ட் வரட்டும். அதை வெச்சு முடிவு பண்ணலாம்."

கவுன்ட் என்பது ஒரு கன மில்லிமீட்டர் திரவத்தில் எத்தனை வெள்ளை அணுக்கள் என்ற எண்ணிக்கை. சாதாரணத் தேய்மானத்தில் இரண்டாயிரத்தைத் தாண்டாது. ஐம்பதாயிரத்தைத் தாண்டினால் சீழ் என்றே பெரும்பாலும் எடுத்துக்கொண்டு முட்டியைத் திறந்து கழுவுவார்கள். நடுவில் இருந்தால் யோசிப்பார்கள்.

பத்தரை மணிக்கு முடிவு வந்தது. ஆறாயிரத்து நானூறு.

சுதா என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். பத்மா கண்ணை மூடிக் கும்பிட்டாள். டாக்டர் இளங்கோ மறுபடி வந்து, "நல்லவேளை சார். கிருமி எதுவும் மைக்ராஸ்கோப்லயும் தெரியல. அழற்சிதான். சிறுநீர்த் தொற்றுக்கு மாத்திரை தர்றேன், முட்டிக்கு ஓய்வு. நாளைக்கு வீட்டுக்குப் போகலாம். கல்ச்சர் ரிப்போர்ட் ரெண்டு மூணு நாள்ல வரும்," என்றார். கல்ச்சர் என்றால் திரவத்தைத் தட்டில் வளரவிட்டு, கிருமி முளைக்கிறதா என்று பார்ப்பது.

அவர் போனதும் சுதாவிடம் சொன்னேன்: "ஆறாயிரத்து நானூறுன்னா எழுத்து தெரிஞ்சிருக்கணும்."

"என்ன எழுத்து?"

"பேப்பர்ல. சீசா வழியா. ஆறாயிரத்துக்கு அவ்வளவு கலங்காது. எண்ணிக்கை தப்பு."

சுதா என்னைப் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. ஓர் இரவு முழுக்கத் தூங்காத பார்வை அது.

"நல்ல செய்தி வந்தாக்கூட உங்களுக்கு ஆகாதாப்பா? டாக்டர் வேண்டாங்கிறார். நீங்க கால வெட்டுங்கன்னு கேக்கறீங்க."

"வெட்டச் சொல்லல. மறுபடி எண்ணச் சொல்றேன்."

"வீட்டில சிலிண்டர் வந்தாலும் எடை போடச் சொல்வீங்க. இங்கயுமா?"

மாணிக்கம் தொங்கிய காலோடு தலையைத் திருப்பினார். "இன்னா சார், பாஸானவன் பேப்பர ரீவேல்யுவேஷனுக்கு அனுப்புவானா?"

எனக்கே சந்தேகம் வந்தது. வயதானவனுடைய கண். வார்டு விளக்கு மங்கல். வாயை மூடிக்கொண்டிருந்தால் நாளைக்கு என் கட்டிலில் படுத்திருப்பேன். ஒருவேளை நான் தவறாக இருந்தால் மரியாதை போகும், அவ்வளவுதான். சரியாக இருந்தால் ஒவ்வொரு மணி நேரமும் குருத்தெலும்பு கரைந்துகொண்டிருக்கிறது. வெள்ளி காலையிலிருந்து ஐம்பத்து மூன்று மணி நேரம் ஆகியிருந்தது.

எண்ணிக்கை எப்படிக் குறையும்? ஒரே ஒரு வழிதான் எனக்குத் தெரியும். ரத்தப் பரிசோதனைக் கூடங்களிலிருந்து எங்கள் ஆய்வகத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் முதல் வாரத்தில் தவறாமல் செய்கிற பிழை அது. ரத்தத்தில் வெள்ளை அணுக்களை எண்ணும்போது, லேசான அசிட்டிக் அமிலம் சேர்ந்த ஊதா நிறத் திரவத்தில் கலப்பார்கள். அமிலம் சிவப்பு அணுக்களை உடைத்துவிடும், வெள்ளை மட்டும் மிஞ்சும். ரத்தத்துக்கு அது சரியான முறை. மூட்டுத் திரவத்தில் அதைக் கலந்தால், பாலில் எலுமிச்சை பிழிந்ததுபோல் திரிந்துவிடும். திரிந்த கட்டிகளுக்குள் அணுக்கள் சிக்கிக்கொள்ளும். வெளியே தப்பி நிற்கிற சிலவற்றை மட்டும் எண்ணி எழுதுவார்கள். மூட்டுத் திரவத்தை உப்புத் தண்ணீரில், அதாவது சலைனில்தான் கலக்க வேண்டும். மூட்டுத் திரவம் அபூர்வமாக வரும் கூடத்தில், இயந்திரம் அடைத்துக்கொள்ளும் என்று கையால் எண்ணும்போது, கை பழக்கப்படி ஊதா பாட்டிலுக்குத்தான் போகும்.

பத்மாவைக் கூப்பிட்டேன். "கீழ லேப் இருக்கு. போய், மூட்டுத் தண்ணிய எதுல கலந்தாங்கன்னு மட்டும் கேட்டுட்டு வா."

"நான் கேட்டா சொல்லுவாங்களா?"

"கேட்டுப் பாரு."

முழுதாக விஷயம் புரியாமல்தான் போனாள். ஆனாலும் போனாள். கல்யாணமாகி நாற்பத்தாறு வருடத்தில் நான் பதறிய விஷயங்களில் பெரும்பாலானவை ஒன்றுமில்லாமல் போயிருக்கின்றன. அதெல்லாம் அவளுக்கும் தெரியும்.

பதினைந்து நிமிடத்தில் மூச்சு வாங்கத் திரும்பினாள். லிஃப்ட் வரவில்லையாம்.

"பேரெல்லாம் சொல்ல மாட்டேன்னுட்டாங்க. டாக்டரைக் கேளுங்கங்கறாங்க. ஆனா ஜன்னல்கிட்ட நின்னேன். மேஜைமேல ஒரு பாட்டில் திறந்து இருந்துச்சு. ஊதாக் கலர். வினிகர் வாசனைங்க."

"வினிகரா? நிச்சயமா?"

"நம்ம தெருமுனை ஃப்ரைடு ரைஸ் வண்டிக்காரன் ஊத்துவானே, அதே வாசனை. எனக்கு அது பிடிக்காதுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

அசிட்டிக் அமிலம் என்பது வினிகர்தான்.

சுதா தன் கைபேசியை எடுத்து டாக்டர் இளங்கோவை அழைத்து என்னிடம் நீட்டினாள். நான் பேசினேன். சத்தம் போடவில்லை. பால் திரிகிற உதாரணத்தைச் சொன்னேன். எழுத்து தெரியாததைச் சொன்னேன். "மிச்சத் திரவம் லேப்ல இருக்கும் டாக்டர். சலைன்ல கலந்து ஒரே ஒரு தடவை. ஆறாயிரமே வந்தா நாளைக்கு வாயத் திறக்காம வீட்டுக்குப் போயிடறேன்."

"சார், உங்க வயசுக்கும் சர்க்கரைக்கும் தேவையில்லாம திறந்தா அதுவே ஆபத்து. அதனாலதான் நான் கவுன்ட்டை நம்பினேன்," என்றார். பிறகு, "சரி. எண்ணச் சொல்றேன்."

பன்னிரண்டே காலுக்கு வெள்ளைக் கோட் போட்ட ஒரு பெண்மணி நேராக என் கட்டிலுக்கு வந்து நின்றார். பெயர்ப் பட்டையில் ஸ்டெல்லா என்றிருந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போக முடியாமல் டியூட்டி பார்க்கிற கோபம் முகத்தில் இருந்தது, அல்லது என்மேல்தான் இருந்ததோ.

"நீங்கதானா சார் என் ஃப்ளூயிடைக் குறை சொன்னது?"

"குறை இல்லம்மா. ரத்தத்துக்கு அது சரி. மூட்டுத் தண்ணிக்கு ஆகாது."

"இருபத்திரெண்டு வருஷமா எண்ணுறேன் சார்."

"நான் முப்பத்தொண்ணு வருஷம் எண்ணினேன்."

"அப்ப நீங்களே வந்து எண்ணுங்களேன்."

மாணிக்கம் இருமினார். சிரிப்பை மறைக்கிற இருமல்.

"எண்ணும்போது கட்டி கட்டியா ஏதாவது தெரிஞ்சுதா?" என்று கேட்டேன்.

அவர் பதில் சொல்ல வாயெடுத்து நிறுத்தினார். முகம் மாறியது. "தெரிஞ்சுது. திரி மாதிரி. ஸ்லைடு அழுக்குன்னு நினைச்சேன்." பிறகு வந்ததைவிட வேகமாகப் போனார்.

அடுத்த நாற்பது நிமிடங்களில் நான் என்ன விரும்பினேன் என்று பலர் கேட்டிருக்கிறார்கள். உண்மையைச் சொல்கிறேன். நான் தோற்க வேண்டும் என்றுதான் விரும்பினேன். முட்டாள் கிழவன் என்று பெயர் வாங்கிக்கொண்டு, திங்கட்கிழமை சுதாவின் காரில் முன்சீட்டில் உட்கார்ந்து, வழியெல்லாம் திட்டு வாங்கிக்கொண்டு போக வேண்டும். பத்மா ஆரஞ்சுச் சுளை உரித்துக் கொடுத்தாள். ஒன்பது சுளை. சாப்பிட்டது ஞாபகம் இல்லை.

ஒரு மணிக்கு ஸ்டெல்லா வாசலில் தெரிந்தார். பின்னாலேயே டாக்டர் இளங்கோ. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போனவர் எப்போது திரும்பினார் என்று தெரியவில்லை. மழையில் நனைந்திருந்தார்.

"சலைன்ல முதல்ல கலக்கினதுல எண்ணவே முடியல சார்," என்றார் ஸ்டெல்லா. "ஒண்ணுமேல ஒண்ணு. மறுபடி பத்து மடங்கு கலக்கி எண்ணினேன். ரெண்டு தடவை எண்ணினேன்."

"எவ்வளவு?"

"தொண்ணூத்திரெண்டாயிரம்."

சுதா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மாணிக்கம்தான் முதலில் வாய் திறந்தார், மெல்லிய குரலில்: "ஜெயிச்சிட்டீங்க சார். இப்ப கால கிழிக்கப் போறாங்க."

டாக்டர் இளங்கோ என் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "காலைல எதுவும் சாப்பிட்டீங்களா?"

"ரெண்டு இட்லி, எட்டு மணிக்கு. இப்ப ஆரஞ்சு, ஒன்பது சுளை."

"சரி. சாப்பிட்டு ஆறு மணி நேரமாவது ஆகணும். ஏழு மணிக்கு ஆபரேஷன் தியேட்டர். ஊசி மருந்து இப்பவே ஆரம்பிக்கிறோம்." எழுந்துகொண்டே, "மன்னிச்சுக்குங்க சார்," என்றார். அதைச் சொல்ல வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. சொன்னார்.

கையெழுத்துப் போட ஐந்து இடம் காட்டினார்கள். கால் போகலாம், உயிர் போகலாம் என்றெல்லாம் அச்சடித்திருந்தது. சுதா படித்துக்கொண்டே வந்து மூன்றாவது பக்கத்தில் நிறுத்திவிட்டாள். மீதியைப் பத்மா வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, "போடுங்க," என்றாள். என் செருப்பைக் கழற்றிப் பையில் போடாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு தியேட்டர் வாசல் வரை வந்தாள். சக்கரக் கட்டிலைத் தள்ளிய மணி கேட்டார்: "அம்மா, செருப்ப இன்னாத்துக்கு தூக்கிக்கினு வர்றீங்க?"

"திரும்பி வரும்போது போட்டுக்க வேணாமா?"

"அது கரெக்டு," என்றார் மணி.

முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்தார்கள். எனக்கு நினைவு இருந்தது. முட்டியில் இரண்டு சிறு துளைகள் போட்டு, ஒன்றில் கேமராவையும் மற்றொன்றில் கழுவும் குழாயையும் விடுவார்கள். படம் ஒரு திரையில் தெரியும்.

"பார்க்கிறீங்களா சார்?" என்று டாக்டர் இளங்கோ கேட்டார். திரையை என் பக்கம் திருப்பச் சொன்னார்.

முதலில் ஒன்றும் தெரியவில்லை, மார்கழிப் பனி மாதிரி. அதில் மஞ்சள் நிறச் சவ்வுத் துணுக்குகள் மிதந்தன. சலைன் ஓடத் தொடங்கியது. அதே உப்புத் தண்ணீர். ஒரு லிட்டர், இரண்டு லிட்டர் என்று நர்ஸ் சொல்லச் சொல்ல நானும் எண்ணினேன். நான்காவது லிட்டரில் பனி விலகியது.

உட்பக்கம் எதிர்பார்த்தபடிதான். மொட்டை எலும்பு, யானைத் தந்தம்போல் மஞ்சளாக. ஓரங்களில் நைந்த பாய்க் கோரைபோல் தொங்கும் இழைகள். முப்பத்தொரு வருடமாக மற்றவர்களுடையதைப் பார்த்திருக்கிறேன். எத்தனையோ பேருடைய துண்டுகள் ஐஸ் பெட்டியில் வந்து என் கத்திக்குக் கீழே கிடந்திருக்கின்றன. உயிரோடு உள்ள என்னுடையதைப் பார்ப்பது அதுதான் முதல் முறை.

"வெளிப்பக்கம்," என்றேன். மறுபடி சொன்னேன்.

கேமரா நகர்ந்தது. வெள்ளை. முழு வெள்ளை இல்லை. மேல்பரப்பு சற்று மங்கி, ஓரத்தில் ஒரு நகத்தளவு இடம் பொரிந்திருந்தது. டாக்டர் இளங்கோ வளைந்த கம்பி ஒன்றை உள்ளே விட்டு நடுவில் அழுத்தினார். குழி விழுந்தது. கரைந்துபோன குருத்தெலும்பில் விழுந்த குழி அப்படியே நிற்கும். கம்பியை எடுத்தார். குழி மெதுவாக மேலே எழும்பியது.

இன்னோர் இடம். அதுவும் எழும்பியது. மூன்றாவது, ஓரத்தில். எழும்பவில்லை. நான்காவது எழும்பியது.

"இருக்கு சார்," என்றார். "இன்னும் ஒரு நாள் விட்டிருந்தா..." முடிக்கவில்லை.

கழுவியது மொத்தம் ஒன்பது லிட்டர்.

மீதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கல்ச்சர் முடிவு செவ்வாய்க்கிழமை வந்தது. குதிகால் புண்ணிலிருந்தும் சீழ் எடுத்து அனுப்பியிருந்தார்கள்; அதிலும் முட்டியிலும் ஒரே கிருமிதான். நரம்பு வழி மருந்து இரண்டு வாரம் ஓடியது. கையில் நரம்பு கிடைக்காமல் ஏழு இடத்தில் குத்தினார்கள். இடையில் புயல் மழை வந்து சாலையெல்லாம் தண்ணீர். பத்மா இரண்டு நாள் வீட்டுக்குப் போகாமல் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் பாய் விரித்துப் படுத்தாள். சுதா கேரியரில் ரசம் சாதத்தை எடுத்துக்கொண்டு முட்டியளவு தண்ணீரில் நடந்து வந்தாள். "ரசத்துல மிளகு எத்தனைன்னு எண்ணிட்டுச் சாப்பிடுங்க," என்று கேரியரை வைத்தாள். அது அவள் சமாதானம் பேசுகிற விதம்.

மாணிக்கம் எனக்கு முன்பே வீட்டுக்குப் போனார். போகும்போது மாவுக்கட்டுப் போட்ட காலை நீட்டி, "சார், இதுல எத்தன சுத்து துணி கீதுன்னு ஒருவாட்டி எண்ணிப் பார்த்துடுங்க. எனக்கு டாக்டர் மேல டவுட்டு," என்றார். வார்டே சிரித்தது. நானும்.

பத்தாம் நாள் மறுபடி திரவம் எடுத்தார்கள். ஸ்டெல்லாவே மேலே வந்து முடிவைச் சொன்னார். மூவாயிரத்து நூறு. "சலைன்தான் சார்," என்றார், நான் கேட்பதற்கு முன்பே. மூட்டுத் திரவத்துக்கென்று தனியாக ஒரு பாட்டில் சலைன் வைத்து, அதன்மேல் பிளாஸ்திரி ஒட்டி எழுதியிருப்பதாகவும் சொன்னார்.

டிசம்பர் இரண்டாம் தேதி திங்கட்கிழமை வீட்டுக்கு வந்தேன். இப்போது வாக்கர் இல்லாமல் தெருமுனை வரை நடக்கிறேன். ஃப்ரைடு ரைஸ் வண்டியைத் தாண்டும்போது பத்மா மூக்கைப் பொத்திக்கொள்வாள். நான் நின்று ஒரு மூச்சு இழுத்துவிட்டுப் போவேன்.

மருத்துவமனையிலிருந்து கிளம்பிய அன்று பணம் கட்டுமிடத்தில் சுதா பில்லை வரி வரியாகப் படித்தாள். இந்த ஒரு விஷயத்தில் அவள் என் மகள். ஒரு வரியில் விரல் நின்றது: மூட்டுத் திரவ எண்ணிக்கை, மறுமுறை, முந்நூற்று எண்பது ரூபாய்.

"இது என்னம்மா?" என்று கவுன்ட்டரில் இருந்த பெண்ணைக் கேட்டாள். "நீங்க தப்பா எண்ணினதுக்கு மறுபடி எண்ணினீங்க. அதுக்கும் நாங்க காசு கொடுக்கணுமா?"

அந்தப் பெண் யாருக்கோ போன் செய்ய எழுந்தாள். சக்கர நாற்காலியிலிருந்து நான் சுதாவின் துப்பட்டாவை இழுத்தேன்.

"அதைக் கொடுத்துடு."

"அப்பா, நீங்களா சொல்றீங்க?"

"கொடுத்துடு."

மருத்துவமனைக் கட்டணத்தில் காப்பீடு போக நாங்கள் கட்டியது 1,27,340. அதற்குப் பின் ஆறு வார மாத்திரை 9,460. வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுத்தவருக்குப் பன்னிரண்டு தடவைக்கு 7,200. வாக்கர் 1,850. ஆட்டோவும் மற்ற வண்டிகளும் 2,140. மருத்துவமனைக் கணக்கிலேயே அந்த முந்நூற்று எண்பதும் அடக்கம். ஆக மொத்தம் ரூபாய் 1,47,990.